அக்கா வேகவைத்த டேலியா

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலமெல்லாம் அவர் பார்த்தது இருட்டும் கிரீஸும் இரும்புக் கயிறும்தான். ஒருமுறை ஒரு பழைய குடியிருப்பில் வேலை முடித்து மொட்டைமாடிக் கதவைத் திறந்தபோது, தொட்டியில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு டேலியாப் பூ விரிந்திருந்தது. வாட்ச்மேனைக் கெஞ்சி ஒரு கிழங்கு வாங்கிவந்தார். அன்று பிடித்த பைத்தியம் ஓய்வு பெற்ற பிறகு நன்றாக முற்றியது.

ஆண்டுதோறும் பூத்து முடிந்து தண்டு காய்ந்ததும், கிழங்குகளைத் தோண்டி, மண் உதறி, நிழலில் உலர்த்தி, மரத்தூள் நிரப்பிய அட்டைப்பெட்டியில் வைத்து, அடுத்த பருவத்தில் நடுவார். ஒரு வருடம் விதை போட்டு வளர்த்த நாற்றுகளில் ஒன்று மட்டும் கருஞ்சிவப்பில், இதழ் நுனியில் வெள்ளை தொட்டு வைத்ததுபோலப் பூத்தது. டேலியா விதைக்குத் தாயைப்போலப் பிள்ளை என்ற பேச்சே கிடையாது. அந்தப் பூ வேறு யாரிடமும் இல்லை. கிழங்கு போனால் அதோடு போயிற்று.

"எனக்குச் சக்களத்தி இவதான்" என்பாள் மனைவி.

தன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று அவருடைய அக்கா வந்து தங்கியிருந்தாள். ஒருநாள் அவர் முடிவெட்டிக்கொண்டு வந்ததும், சாதத்தோடு மிளகு தூவிய கிழங்குத் துண்டுகளைப் பரிமாறினாள். மனைவி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? முள்ளங்கி மாதிரியும் இருக்கு, உருளை மாதிரியும் இருக்கு!" என்றார் அவர்.

"உன் வீட்டுக் கிழங்கை என்கிட்ட கேக்குறியா? மரத்தூளுக்குள்ள பத்திரமா ஒளிச்சு வச்சிருந்தியே, அதுதான்டா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது பூச்செடிக் கிழங்குக்கா!"

மூவரின் கைகளும் தட்டில் அப்படியே நின்றன. பல வருடம் வளர்த்திருக்கிறாரே தவிர, அதைத் தின்னலாமா என்று அவருக்குத் தெரியாது. குடும்ப டாக்டரைப் போனில் அழைத்தார்.

"கிழங்கு மேல பூஞ்சை மருந்து, பூச்சி மருந்து ஏதாவது தூவியிருந்தீங்களா?" என்றார் டாக்டரம்மா.

தூவ வேண்டும் என்றுதான் இருந்தார். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் கடைக்குப் போகவே இல்லை.

"இல்ல டாக்டர், வெறும் மரத்தூள்தான்."

"அப்போ பயப்படாதீங்க. டேலியா கிழங்கு சாப்பிடலாம். வயிறு கொஞ்சம் உப்பும், காத்து பிரியும், அவ்வளவுதான்."

போன உயிர் திரும்பி வந்தது. "உங்க சோம்பேறித்தனம் முதல்முறையா எனக்கு உதவியிருக்கு" என்று மனைவி சிரித்தாள். அக்கா மட்டும் தரையில் உட்கார்ந்து, "ஒரே வேளையில எல்லாரையும் அனுப்பி வச்சிருப்பேனே" என்று மூக்கை உறிஞ்சினாள்.

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது.

"எல்லாத்தையும் வேகவச்சுட்டியாக்கா?"

"ஒண்ணு விடாம."

அவர் எழுந்து கை கழுவப் போனார். திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள்.

"அண்ணி, தோல் சீவினதெல்லாம் எங்க போட்டீங்க?" என்றாள் மனைவி.

"எருக்குழியில. மேல கட்டையா ஒரு கழுத்து இருந்துச்சு, வேகாதுன்னு கொஞ்சம் தள்ளியே வெட்டி அதையும் எறிஞ்சுட்டேன்."

ஈரக் கையோடு ஓடினார். டேலியாவுக்கு முளை வரும் கண் அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. அதை எறிந்துவிட்டு நல்ல பாகம் என்று அக்கா வேகவைத்தது எதுவும் எப்படியும் முளைத்திருக்காது. மூவரும் மண்டியிட்டு வெங்காயத் தோலையும் முட்டை ஓட்டையும் கிளறினார்கள். கிடைத்த துண்டுகளை வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு, ஈர மணலில் ஊன்றினார்.

எது எந்தப் பூ என்று தெரியவில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடிந்து அத்தான் அழைத்தபோதும், "முளை விடாம வரமாட்டேன், ஹோட்டல்ல சாப்பிடுங்க" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

சில துண்டுகள் அழுகின. மற்றவை பச்சையாக முளைவிட்டன. கருஞ்சிவப்பின் தண்டில் ஊதா நிறம் படர்ந்திருக்கும் என்பதால் அவர் தினமும் குனிந்து தேடினார். ஒரு காலை அக்காதான் கத்தினாள்.

"டேய் தம்பி! இங்க வந்து பாரு, இது மட்டும் நாவற்பழம் தின்ன நாக்கு மாதிரி இருக்கே!"

அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"அதேதான்க்கா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டப் போனாள். அத்தானுக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம்.