முன் வரிசை மரியாதை

மகள் கல்யாணத்துக்கு நான் செய்த ஏற்பாடுகளிலேயே கச்சிதமானது விமானத்தில் இடம் பிடித்ததுதான் என்று நினைத்திருந்தேன். கல்யாணம் தூத்துக்குடிப் பக்கம், எங்கள் குலதெய்வக் கோயிலில். முதல்நாள் காலையில் சின்ன விமானம். அடையாறிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன் வரிசைகள். மயிலாப்பூர்க்காரர்களான நாங்கள் அவர்களுக்கு அடுத்து. அதற்குப் பின்னால் ஈ, காக்கை இல்லை.

பணிப்பெண் வந்து, "முன்னாடி வெயிட் ஜாஸ்தியா இருக்கு சார். பத்து பேர் கடைசிக்குப் போனாதான் கிளம்ப முடியும்" என்றாள்.

பெண் வீட்டார் வேறெதற்கு இருக்கிறோம்? எங்கள் ஆட்கள் பத்துப் பேரைக் கிளப்பிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையின் அப்பா தன் ஆட்களோடு என் பின்னாலேயே வருகிறார்.

"நீங்க பின்னாடி, நாங்க முன்னாடியா? நன்னாருக்குமா மாமா?"

இப்போது வால் பக்கம் பாரம் அதிகமாகிவிட்டது. பாதிப் பேர் முன்னால் போகவேண்டும் என்றாள் பணிப்பெண்.

"நீங்க போங்கோ" என்றேன். "ஐயோ, நீங்க போங்கோ" என்றார். கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் சொன்னோம், ஆனால் இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது. எனக்கு முன்கோபம் உண்டு. இந்த மனிதர் என்னை மட்டம் தட்டுவதற்கென்றே மரியாதை செய்கிறார் என்று தோன்றியது. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். இன்னும் தாமதித்தால் விமானமே ரத்து என்று அறிவித்தார்கள்.

மகள் எழுந்து வந்தாள். "அப்பா, நாளைக்கு எனக்குக் கல்யாணம். ரெண்டு பேரும் முதல் வரிசையில போய் உக்காருங்கோ. எறங்கற வரைக்கும் எழுந்துக்கப்படாது."

உட்கார்ந்தோம். மற்றவர்களை அவளும் பணிப்பெண்ணும் பிரித்து உட்காரவைத்தார்கள். விமானம் கிளம்பியது. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

பாதி வழியில் அவர் நெளிய ஆரம்பித்தார். கழிவறை வால் பக்கம். அத்தனை களேபரத்துக்குப் பிறகு, விமானம் என்பது காய்கறிக்கடைத் தராசு என்று இருவருமே நம்பியிருந்தோம்.

"மாமா, எனக்கு அவசரம். ஆனா நான் பின்னாடி போனா..."

எனக்கும் பயம்தான். "தைரியமா போய்ட்டு வாங்கோ. நான் முன்னாடி சாஞ்சுக்கறேன்."

அவர் போய் வரும்வரை முன்சுவரில் நெற்றி முட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. திரும்பி வந்தவர் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு துளி ஆடலை மாமா" என்றார்.