ஒன்பது பேர் பார்க்கிறார்கள்

அந்தப் பகுதியில் யார் வீட்டு நேரலை நின்றாலும் ‘ஆஃப்-ஆன் அக்கா’வுக்குத்தான் போன் போகும். இணைய நிறுவனமொன்றின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று பதினொரு வருடம் சொல்லிச் சொல்லியே நாக்கு தேய்ந்தவள். இப்போது அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்க்கிறாள். ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. கோளாறு சரியானால் மட்டும் போதாது, காரணத்தை வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். மறைத்த கோளாறு அடுத்த வாரமே திரும்பி வரும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

அன்று அழைத்தவர் தையல் டீச்சர். சனிக்கிழமை காலை பத்தரைக்கு வீட்டுக் கூடத்திலிருந்தே நேரலையில் சட்டை தைக்கச் சொல்லிக்கொடுப்பவர். மூன்று வாரமாக, காலரைக் கையில் எடுத்ததும் படம் உறைந்துபோய் மென்பொருள் தானாக மூடிக்கொள்கிறது.

"இன்னைக்கும் நின்னுச்சுன்னா மூட்டை கட்டிடறேன். இருபது வருஷம் சொல்லிக்கொடுத்தவ, ஊரே பார்க்க அசடு வழிய முடியாது."

"நிக்காது டீச்சர். அப்புறம் நான் எதுக்கு வந்திருக்கேன்?"

சும்மா சொல்லவில்லை. கணினி சூடாகவில்லை, நினைவகம் நிரம்பவில்லை, மென்பொருளும் புதியதுதான். அரைமணி நேரம் சோதனை ஓட்டம் விட்டதில் ஒரு விக்கல்கூட இல்லை. வகுப்பு இல்லாதபோது ஓடுகிறது, வகுப்பு என்றால் படுத்துவிடுகிறது. அப்படியானால் குற்றம் மென்பொருளுடையது அல்ல, வகுப்பு நேரத்தில் மட்டும் இந்த வீட்டில் வேறு என்னவோ நடக்கிறது.

"அந்த நேரத்துல வீட்ல வேற யாரு இருப்பாங்க?"

"என் வீட்டுக்காரர்தான். பஸ் டிரைவர், சனிக்கிழமைதான் லீவு. உள்ள தூங்குவார்."

பத்தரைக்கு வகுப்பு தொடங்கியது. திரையின் மூலையில் ‘ஒன்பது பேர் பார்க்கிறார்கள்’ என்று வந்ததும் டீச்சரின் குரலுக்கே ஒரு தெம்பு வந்தது. காலரை எடுத்தார். இணைப்பைக் காட்டும் பச்சைக் கோடு மஞ்சளாகி, சிவப்பாகத் தொடங்கியது. அக்கா சத்தமில்லாமல் எழுந்து உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

டிரைவர் தூங்கவில்லை. எதிரே பெரிய டிவி, கட்டில்மேல் வரிசையாக மூன்று போன், ஒரு டேப்லெட். ஒலியை அடக்கிய ஐந்து திரைகளிலும் டீச்சரின் கைகள் காலர் தைத்துக்கொண்டிருந்தன. கையும் களவுமாகப் பிடிபட்டவர் பேந்தப் பேந்த விழித்தார்.

"முதல் வாரம் ரெண்டே பேர்தான்மா வந்தாங்க. அன்னைக்கு அவ சாப்பிடவே இல்லை. அதான் பக்கத்து வீட்ல போன்கூட இரவல் வாங்கி... சொல்லிடாதேம்மா!"

"அண்ணா, டீச்சர் படம் வெளிய போக வேண்டிய வைஃபைல அஞ்சு பேரா உக்காந்து நெரிக்கிறீங்க. முதல்ல அணைங்க."

இருவருமாக ஒவ்வொன்றாக அணைத்தார்கள். கோடு பச்சையானது. ஒன்பது நான்கானது. கூடத்தில் டீச்சரின் ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு காலர் முனையைத் திருப்பினார். மீதி ஒரு மணி நேரமும் படம் உறையவில்லை. முடிவில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘மூணு வாரமா இந்த முனைக்காகத்தான் காத்திருந்தேன் டீச்சர். இன்னைக்குத்தான் முழுசா பார்த்தேன்.’

டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு திரும்பி, "என்ன கோளாறு?" என்றார்.

உள்ளறை வாசலில் நின்ற டிரைவர் கண்ணாலேயே கெஞ்சினார். அக்காவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அவள்தான்.

"ஒன்பது பேர்ல அஞ்சு பேர் உங்க வீட்டுக்காரர், டீச்சர். நீங்க மனசு உடையக் கூடாதுன்னு உக்காந்திருக்கார். அதுலதான் லைன் திணறிச்சு."

டீச்சர் புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்றே அக்கா நினைத்தாள். ஆனால் டீச்சரின் கண் கலங்கியிருந்தது. மேசைமேல் கிடந்த துணியின் ஒரு நுனியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அஞ்சு பேரா உள்ள உக்காந்தது போதும். அடுத்த வாரம் ஒருத்தரா வெளிய வந்து இதைப் பிடிங்க. எனக்கு ரெண்டு கை பத்தலை."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.