ஒரு வேகத்துக்கு இரண்டு நாக்கு

சேலையூரில் ஒரு கல்யாண ஊர்வலம். கேம்ப் ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. டிரம்பெட்டை உதட்டில் வைத்தால் சுட்டது. வேகமான இடம் வரப்போகிறது என்று என் கூட்டாளி முழங்கையால் இடித்தான். இரண்டு பேரும் மூச்சை இழுத்தோம். அவன் ஒரு சுரம், நான் ஒரு சுரம். அவன் விட்ட இடத்தில் நான், நான் விட்ட இடத்தில் அவன். பார்த்தவர்களுக்கு இரண்டு பேர் சேர்ந்து ஊதுவதாகத் தெரியும். உண்மையில் ஒரே ஆள் ஊத வேண்டியதை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

நாங்கள் ஊதியது சிப்பாய்கள் நடைக்கு வாசிக்கிற மார்ச் பாட்டு, எங்கள் மாஸ்டர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது. ஓய்வுபெற்று வந்து தாம்பரத்தில் பேண்டு செட் வைத்திருந்தார். மார்ச்சின் நடுவில் சுரங்கள் சட்டியில் பொரி வெடிக்கிற மாதிரி வரும். நாக்கு நுனியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது. "நுனி நாக்குல து. அடி நாக்குல கு. துகு, துகு. அவ்ளோதான்" என்பார் மாஸ்டர். அவ்வளவுதான் இல்லை. எங்கள் இருவருக்கும் து வந்தது. கு என்றால் குழலில் இருமல்தான் வந்தது. கூட்டாளிதான் வழி கண்டுபிடித்தான். "மச்சான், உனக்கு ஒரு நாக்கு கீது, எனக்கு ஒரு நாக்கு கீது. சேத்து ஊதினா வேல முடிஞ்சுது." மாஸ்டர் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். ஆனால் விட்டுவிட்டார். அவனுக்குத் திரிசூலம் பக்கம் கல் உடைக்கிற வேலை. எனக்குப் பல்லாவரத்தில் தோல் பதனிடுகிற ஷெட். கல்யாண நாட்களில்தான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து நடப்போம். மற்ற நாளெல்லாம் அவன் தலைமுடியில் கல்தூசி இருக்கும். என் கையில் தோல் நாற்றம் இருக்கும்.

அவன் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. அப்பா இல்லாத வீடு. கோட்டுப் போட்டுக்கொண்டு தங்கையைச் சர்ச்சுக்குள் அழைத்துப்போக வேண்டியவன் அவன்தான். ஊத முடியாது. "அந்த மார்ச் அயிட்டம் இல்லாம என் தங்கச்சி ரோட்ல நடக்கக்கூடாது மச்சான்" என்றான். "நீ இல்லாம எப்டிடா?" என்றேன். "இன்னொரு நாக்கு வாங்கிக்கோ" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து து என்பதையே விட்டேன். கு மட்டும் ஊதினேன். தெரிந்த பாட்டையெல்லாம் கு என்றே ஊதினேன். திருநீர்மலை போகிற வழியில் ஏரிக்கரையில் உட்கார்ந்து, குழல் வாயில் துணியை அடைத்துக்கொண்டு ஊதினேன். சைக்கிளில் போகும்போது வெறும் வாயால் குகுகுகு. வீட்டில் சோறு தின்னும்போதும் அதே. "இன்னாயா, முட்ட வெக்கப்போற கோழி மாதிரி கத்திகினு கீற?" என்றாள் என் சம்சாரம். சிரிக்காமல்தான் கேட்டாள். என் வாயில் கு இருந்தது.

வேகம் கூட்டினால் உடைந்தது. ஒரு நாள் ஷெட்டில் தோல் அலசும்போது, குழாயிலிருந்து விழுகிற தண்ணீருக்குக் குறுக்கே சும்மா விரலை ஆட்டினேன். தண்ணீர் நிற்கவில்லை. துண்டு துண்டாக விழுந்தது, அவ்வளவுதான். அப்போதுதான் புரிந்தது. நான் ஒவ்வொரு கு-வுக்கும் மூச்சை நிறுத்தி நிறுத்தித் தள்ளிக்கொண்டிருந்தேன். மூச்சு தன் பாட்டுக்கு ஓட வேண்டும். நாக்கு அதை வெட்டினால் போதும். சாயங்காலம் ஏரிக்கரையில் மெதுவாக ஆரம்பித்தேன். து-கு, து-கு. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். எது து எது கு என்று என் காதுக்கே தெரியாமல் போனது. எழுந்து நின்றுவிட்டேன். சொல்ல ஆள் இல்லை. எருமைகள் இருந்தன.

கல்யாணத்தன்று சர்ச்சிலிருந்து அவன் வீடு வரைக்கும் ஊர்வலம். வேகமான இடம் வந்தது. ஊதினேன். முழுசாக. கோட்டுப் போட்ட என் கூட்டாளி நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தான். அவன் வாய் லேசாக அசைந்தது, தன் பங்கை ஊதுகிற மாதிரி. கண் கலங்கியிருந்தது. மாஸ்டரும் பார்த்தார்.

அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னால் மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். "ஒருத்தனே ஊதறான். அப்புறம் எதுக்கு ரெண்டு டிரம்பெட்?" என்றார். கூட்டாளி தன் டிரம்பெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். "ஊது, பாப்போம்" என்றார் மாஸ்டர் என்னிடம். ஊதினேன். வேகமான இடத்தில் கு-வை நழுவவிட்டேன். பழைய இருமல் வந்தது.

"அன்னிக்கு வந்துச்சேடா?"

"அன்னிக்கு வந்துச்சு மாஸ்டர்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "சரி, ரெண்டு பேரும் வந்து தொலைங்க" என்றார். வெளியே வந்ததும் கூட்டாளி முன்னால் நடந்தான். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நான் கேட்காமலே எனக்கு ஒரு பன் சொன்னான்.

பிறகு பல வருஷம் அப்படியேதான் ஊதினோம். கல்தூசி அவன் நெஞ்சில் இறங்கியது. பாதி ஊர்வலத்தில் மூச்சு வாங்கும். அவன் பங்கில் விடுபட்ட சுரங்களை நான் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வேன். ஒரு நாள் அவனே மாஸ்டரிடம் போய்ச் சொன்னான். "இனிமே இவனே ஊதட்டும் மாஸ்டர். இவனுக்கு எப்பவோ வரும்."

"எனக்குத் தெரியாதா, போடா" என்றார் மாஸ்டர்.

அன்றைக்கு அவனை ஸ்டூலில் உட்காரவைத்து ஊதிக்காட்டினேன். பிசிறில்லாமல் வந்தது. "நல்லா கீது மச்சான்" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லா கீது" என்றான்.

அவன் போய்விட்டான். மாஸ்டரும் இல்லை. எனக்குப் பல் விழுந்து ஊதுவது நின்றது. இப்போதும் தெருவில் பேண்டு போகும். டிரம்பெட் வேகமாகக் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவேன். ஊதுகிறது ஒருத்தனா, இரண்டு பேரா என்று பார்ப்பேன். ஒருத்தன்தான். நன்றாகத்தான் ஊதுகிறான்.