கீழ்மாடிப் பாடகி

கனடாவில், பார்க்டேலில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டில் எங்களுக்கு நேர் கீழே ஒரு ரெகே பாடகி குடியிருந்தார். ஜமேக்காக்காரி. ஐம்பது வயதிருக்கும். வார நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. சனி, ஞாயிறில் பாட்டு. இளம் வயதில் அவர் பாடிய ஒரு காதல் பாட்டு அவருடைய நாடு முழுவதும் ஒலித்ததாம். பிறகு பெரிய வருத்தமொன்றில் படுக்கையில் விழுந்து எழும்பியவர், இனிக் கடவுளுக்கு மட்டுமே பாடுவது என்று முடிவெடுத்துவிட்டார்.

நான் யாழ்ப்பாணத்தில் இசைக்குழுவொன்றில் பேஸ் கிற்றார் வாசித்தவன். கனடா வந்தபின் ரெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவினேன், கிற்றாரைத் தொடவேயில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீழே ஒத்திகை நடந்தது. குரல் கேட்டது, ட்ரம்ஸ் கேட்டது, பேஸ் மட்டும் இல்லை. ரெகேயில் பேஸ் இல்லையென்றால் என்ன இருக்கிறது? பொறுக்க முடியாமல் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்தேன் என்று நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டார்.

"அதில்லை. உங்கள் பேஸ்காரர் எங்கே?" என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன்.

பேஸ்காரர் ஒஷாவாவில் கார் தொழிற்சாலை வேலை கிடைத்துப் போய்விட்டாராம். பாடகி சுவரில் சாத்தியிருந்த பேஸ் கிற்றாரை எடுத்து என் கையில் தந்தார். சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் நான் எல்லா இடைவெளியையும் நிரப்பி வாசித்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, "பாதியை விடு," என்றார். விட்டேன். பாட்டு நடக்கத் தொடங்கியது.

மேலே வந்ததும் மனைவி கேட்டாள்: "உவ என்ன பாட்டுப் பாடுறா?"

"சாமிப் பாட்டு."

"சாமிப் பாட்டுக்கு ஏன் உப்பிடித் துள்ளுகினம்?"

"நீ ஒருக்கா வந்து பாரன்."

அடுத்த கோடையில் பிறம்ரனில் ஒரு மண்டபத்தில் எங்கள் குழுவின் நிகழ்ச்சி. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவியும் வந்தாள். மூன்றாவது துதிப்பாட்டு முடிந்ததும் கூட்டத்தில் ஒருவர் அந்தப் பழைய காதல் பாட்டைக் கேட்டார். பிறகு எல்லோரும் கேட்டார்கள். வழக்கமாகப் புன்னகைத்து மறுத்துவிடுபவர் அன்று மறுக்கவில்லை. மைக்கில், "அதைப் பாடின இளம் பெட்டையையும் கடவுள்தானே படைத்தார்," என்றார்.

எனக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. அவர் காலால் தட்டிய தாளத்தைப் பார்த்தே வாசித்தேன். முன்வரிசையில் ஒரு வயதான தம்பதி கைகோத்து ஆடினார்கள். பாட்டு முடியும் இடத்தில் தாளத்தை நிறுத்தாமலே அவர் துதிக்குப் போய்விட்டார். ஒருவரும் உட்காரவில்லை. சுவரோரம் நின்ற என் மனைவியின் தலையும் ஆடியது.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "இரண்டும் நல்லாத்தான் இருந்தது. ஆனா எனக்கு அந்தக் காதல் பாட்டுத்தான் கூடப் பிடிச்சுது."

அதன்பிறகு அவர் இரண்டையும் பாடினார். பெரிய புகழ் ஒன்றும் வரவில்லை. சனி, ஞாயிறுகள் மட்டும் நிறைந்துபோயின. நாங்கள் ஒரு கசெற்றும் வெளியிட்டோம். அட்டையில் என் பெயரைப் பிழையாக அச்சடித்திருந்தார்கள். திருத்தச் சொல்லவா என்று அவர் கவலையோடு கேட்டார்.

"வேண்டாம். வாசிச்சது நான்தானே," என்றேன்.