பாய்லர் அழகேசனின் கழுத்துக் குழாய்

எறையூர் சர்க்கரை ஆலையில் அழகேசன் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். பாய்லர் அழகேசன் ஒருவர்தான். இருபத்தொன்பது வயதில் கரும்புச் சக்கை தள்ளும் கூலியாளாகச் சேர்ந்தவர். பாய்லர் இயக்குவதற்கான தேர்வில் மூன்று முறை தோற்று, 1995-இல் நான்காம் முறை தேறினார். அன்று மனைவி மருதாயிக்கு ஒரு குக்கர் வாங்கி வந்தார்.

"இதுவும் பாய்லர்தான். வால்வு அடைச்சுக்காம பாத்துக்க."

"பாய்லருக்கு வாக்கப்பட்டது பத்தாதுன்னு வூட்டுக்கு வேற ஒண்ணா" என்றாள் மருதாயி.

அவருக்கு ஆண்டு என்பது இரண்டு பாதி. கார்த்திகை வாக்கில் பூசை போட்டு பாய்லருக்கு இளஞ்சூடு ஏற்றுவார்கள். அதிலிருந்து கரும்பு தீரும்வரை சீசன். நெருப்பு எரிகிற பாய்லரின் உள்ளே யாரும் கை வைக்க முடியாது. கரும்பு தீர்ந்து நெருப்பை அணைத்தபின் ஆஃப் சீசன். அப்போதுதான் பாய்லரைத் திறந்து, தண்ணீர் ஓடும் டியூப்களுக்குள் பிரஷ் விட்டு, கட்டியிருக்கும் சுண்ணாம்பைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு ஒரு இளைஞர் கனம் பார்க்கும் கருவியோடு வருவார். டியூப்பின் மேல் கிரீஸைத் தடவி, கருவியின் முனையை வைத்தால் எண் தெரியும். கனம் குறைந்த டியூப்பை வெட்டி எடுத்துவிட்டு வேறு போடுவார்கள். எந்த டியூப் எத்தனை மில்லிமீட்டர் என்று அழகேசன் மனப்பாடமாகச் சொல்வார்.

வீட்டுக் காரியமும் இதே கணக்கில்தான் நடந்தது. பல் பிடுங்கியதும், ஓடு மாற்றியதும், மகள் புவனேஸ்வரியைத் திருச்சியில் எக்ஸ்ரே, ஸ்கேன் தொழில்நுட்பப் படிப்பில் சேர்த்ததும் ஆஃப் சீசனில்.

2001 ஜூலையில் மகளைப் பார்க்க ஒரு பை முருங்கைக்காயோடு திருச்சிக்குப் போனார். அவள் ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் வேலை பார்த்தாள். அன்று புது இயந்திரம் வந்திருந்தது. சோதித்துப் பார்க்க ஒரு கழுத்து தேவைப்பட்டது. மருத்துவர் அழகேசனைப் படுக்கச் சொன்னார்.

"கிரீஸ் மாதிரியே இருக்கே" என்றார் அழகேசன், கழுத்தில் ஜெல் பட்டதும்.

"பேசாம இருப்பா. கழுத்து ஆடுது" என்றாள் மகள்.

மூளைக்கு ரத்தம் போகும் குழாய் திரையில் தெரிந்தது. மருத்துவர் அதன் சுவரை அளந்து எண்ணைச் சொன்னார். புவனேஸ்வரி தட்டச்சு செய்தாள். 1.2 மில்லிமீட்டர்.

"எவ்வளவு இருக்கணும்?"

"உன் வயசுக்கு முக்கால் மில்லி இருந்தாச் சரி."

அழகேசனின் முகம் தெளிந்தது. "அப்ப கூடத்தான் இருக்கு. அம்பத்து மூணு வருசம் ஓடியும் தேயலை பாரு."

மருத்துவர் சிரித்துவிட்டார். புவனேஸ்வரி சிரிக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தாள். 170-க்கு 100. அன்று மாலையே ஒரு இதய மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மூன்று மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று.

பஸ் நிலையத்து டீக்கடையில் அவள் விளக்கினாள்.

"இது இரும்பு இல்லப்பா. கொழுப்பு படிஞ்சு சுவர் தடிச்சுப் போச்சு. டியூப்புக்குள்ள சுண்ணாம்பு கட்டுற மாதிரின்னு வச்சுக்க. கழுத்துல இப்படின்னா நெஞ்சுலயும் இப்படித்தான் இருக்கும். ஒருநாள் அடைச்சுக்கும். இல்லன்னா ஒரு துணுக்கு பிஞ்சு மூளைக்குப் போவும்."

அழகேசனுக்கு உடனே பிடிபட்டது. அரை மில்லி சுண்ணாம்பு கட்டினால் பாய்லர் அடுப்பில் எத்தனை வண்டி சக்கை கூடுதலாக எரியும் என்று அவரே மேற்கொண்டு பேசினார். பஸ் வந்தும் பேச்சு நிற்கவில்லை. இவ்வளவு தெளிவாக வேறு யாருக்கும் தான் புரியவைத்ததில்லை என்று புவனேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

அவர் பீடியை விட்டார். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினார். நவம்பரில் இளஞ்சூடு ஏற்றிய அன்று, மீதி மாத்திரைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்.

உதவியாள் தங்கராசு கேட்டான். "அண்ணே, மாத்திரை போட்டுட்டீங்களா?"

"நெருப்பு வச்சாச்சுல்ல. எரியுற பாய்லர்ல எவன்டா பிரஷ் போடுவான்? நாலு மாசம் நல்லா சுரண்டியாச்சு. இனி சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்."

"டாக்டர் தெனம் போடச் சொன்னாராமே."

"டாக்டரு பாய்லரு ஓட்டிருக்காரா?"

போனில் மகள் கேட்கும்போதெல்லாம், "எல்லாம் முறைப்படி நடக்குது" என்பார். அவர் அறிவுக்கு அது பொய் இல்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருச்சிக்கு வந்தார். அழுத்தம் 130-க்கு 80. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. புவனேஸ்வரி எண்களை ஒரு தாளில் குறித்து வைத்தாள். எல்லாம் ஜூலை, ஆகஸ்ட் தேதிகள். ஆஃப் சீசன் தவிர அவர் திருச்சிக்கு வந்ததே இல்லை. அதை அவள் யோசிக்கவில்லை.

2004 பிப்ரவரி, காலை ஷிஃப்ட். பாய்லரின் அடித் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே விட வால்வைத் திறந்திருந்தார். மூட வேண்டிய நேரத்தில் வலது கை சொன்னபடி கேட்கவில்லை. இடது கையால் முயன்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை. தங்கராசு ஓடி வந்தபோது அவர் இடது கை, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியைச் சுட்டிக்கொண்டிருந்தது. தங்கராசு முதலில் வால்வை மூடினான். அதன் பிறகே அவர் தரையில் உட்கார்ந்தார்.

பெரம்பலூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் இறந்தார். ஐம்பத்தாறு வயது. ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தங்கராசு வந்திருந்தான். புவனேஸ்வரி அவனிடம் கேட்டாள். "மாத்திரை போட்டுக்கிட்டுத்தானே இருந்தாரு?"

"சீசன்ல போட மாட்டாரும்மா. 'டியூப்புல சுண்ணாம்பு கட்டுற மாதிரிதான் இதுவும்னு எம் பொண்ணே சொன்னா, அவ படிச்சவ'ம்பாரு. நான் என்னத்தச் சொல்றது."

மருதாயி உள்ளே போய்ப் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். "வர்ற ஆஃப் சீசனுக்குன்னு எடுத்து வச்சது" என்றாள்.

புவனேஸ்வரி அட்டைகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். காலாவதி தேதி 2005 மே. மாத்திரைகள் நன்றாகவே இருந்தன.

ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் பாவாடை என்பவர் கழுத்து ஸ்கேனுக்கு வந்திருந்தார். 1.1. மருத்துவர் அடுத்த அறைக்குப் போனதும் அவர் கேட்டார்.

"சுவர் தடிச்சிருக்குன்னா எப்படிம்மா? நம்ம ஆலை பைப்புக்குள்ள சிமென்ட் இறுகிப் போவுமே, அது மாதிரியா?"

"இல்லைங்க" என்றாள். கழுத்தில் இருந்த ஜெல்லைத் துடைத்தாள். "அது மாதிரி எதுவும் நினைச்சுக்காதீங்க. மாத்திரை எழுதிக் கொடுப்பாங்க. தினமும் போடணும். ஆலை ஓடினாலும் போடணும், நின்னாலும் போடணும்."

அவர் தலையாட்டினார். அவள் அதை இன்னொரு தடவை சொன்னாள். பிறகு, அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.