கீழே நின்ற கழுகு

அந்த இரும்புக் கிடங்கில் அவரைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தபடியே தரையில் கிடக்கும் போல்ட்டில் மரை தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவாராம். சும்மா அளப்புதான். ஆனால் அவர் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

கீழே நின்று அவருக்குக் கைச்சைகை காட்டுகிறவன் மச்சினன், மனைவியின் தம்பி. அவர் சேர்த்துவிட்ட வேலை.

ஒருநாள் காலையில் கூண்டுக் கண்ணாடியில் கருப்பாக நூல் நூலாக ஏதோ தொங்கியது. துணி எடுத்துத் துடைத்தார். போகவில்லை. கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் கூடவே வந்தது. பல வருஷமாகச் சர்க்கரை நோய், மாத்திரை நினைத்தால் உண்டு. யாரிடமும் மூச்சு விடவில்லை. நூல் புகையாகி, புகை சிவந்தது. மச்சினனின் கை தெரியாமல், இதுதான் சொல்லியிருப்பான் என்று குத்துமதிப்பாக ஒரு உத்திரத்தை இறக்கினார். அடியில் நின்ற ஒரு வெல்டரின் தோளை உரசிக்கொண்டு அது தரையில் இடித்தது. வெல்டர் கீழே உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

மறுநாள் மேலாளர் கூண்டுச் சாவியைக் கேட்டார். "உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு உங்க மச்சினனே சொல்றான். மொதல்ல டாக்டரைப் பாருங்க."

சாவி போனதைவிட, அதே வாரம் அது மச்சினனின் இடுப்பில் தொங்கியதுதான் அவருக்கு எரிந்தது. என்னிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? வீட்டுக்கு வந்தவனிடம் முகம் கொடுக்கவில்லை. அவன், "மாமா..." என்று ஆரம்பித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கண் டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். "சர்க்கரையால கண்ணுக்குள்ள சின்ன ரத்தக்குழாய்ங்க அடைச்சுப்போச்சு. விழித்திரைல இருக்கிற செல்லுக்கு மூச்சுக்காத்து பத்தலை. தவிச்சுப்போய் ஒரு புரதத்தை வெளிய விட்டு, 'வாங்க, வாங்க'ன்னு கூப்பிடுது. பக்கத்துக் குழாய்ங்க அந்தச் செய்தியை வாங்கிக்கிட்டுப் புதுசா கிளை விடுது. அவசரத்துல முளைச்சது, பலமில்லை. ஒழுகுது, உடையுது. நீங்க பார்த்த கருப்பு நூல் உங்க ரத்தம்தான்."

"உதவிக்கு வந்தவனே கெடுக்கிறான். அப்படித்தானே?"

"அப்படியும் சொல்லலாம். இந்த ஊசி மருந்து அந்தப் புரதத்தை வழியிலேயே பிடிச்சுக்கும். செய்தி போய்ச் சேராது, குழாய் வாடிடும். ஆனா செல் மறுபடியும் கூப்பிடும். அதனால விடாம வரணும்."

கண்ணுக்குள் ஊசி என்றால் யாரும் ஒருதடவையாவது தள்ளிப்போடுவார்கள். அவர் ஒருதடவைகூடத் தவறவில்லை. கண் மேல் இருந்த அக்கறை அல்ல, மச்சினன் மேல் இருந்த வெறிதான் அவரை இழுத்துக்கொண்டு போனது. ஊசி இறங்கும்போது பல்லைக் கடித்து அவன் முகத்தையே நினைத்துக்கொள்வார். மெல்லப் புகை விலகியது. கூண்டுக்கு ஆகாது, தரை வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

ஆக, மேலே மச்சினன், கீழே கழுகு, சைகை காட்டுகிறவராக.

தப்பான சைகை ஒன்று போதும், அவன் பிழைப்பு நாறிவிடும். அதை நினைக்காமல் இல்லை. ஆனால் அடியில் நிற்பவன் அந்த வெல்டராயிற்றே. அவர் வேறு வழி பிடித்தார். 'நிறுத்து' என்று கை விரித்தால் கிரேன் நின்றே ஆகவேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. அது கிடங்கின் சட்டம். அவர் விரித்தார். தூக்கினால் நிறுத்து. திருப்பினால் நிறுத்து. சங்கிலி சரியில்லை, காற்று பலம், ஆள் குறுக்கே வருகிறான். இறக்கு, மறுபடி தூக்கு. லாரிகள் வாசலைத் தாண்டி வரிசை கட்டின. மேலாளர் கத்தினால், "நான் என்னங்க பண்றது, பையனுக்குக் கை பழகலை" என்று உச்சுக்கொட்டுவார். மேலே கண்ணாடிக்குள் மச்சினன் வியர்த்து ஒழுகுவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு குளிர்ந்தது. இதற்காகத்தானே பார்வை திரும்பியது!

கடைசியில் மச்சினனைப் பின்கட்டில் துரு சுரண்டப் போட்டார்கள். கூண்டுக்கு யாரோ வெளியாள் வந்தான்.

அன்று வீட்டுக்குச் சிரித்த முகமாக வந்தவரை மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"கணக்கைத் தீர்த்துட்டீங்களா?"

"அவன் எனக்குச் செஞ்சதுக்கு இது கொஞ்சம்."

"அவன் என்ன செஞ்சான்? உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வராம எங்கிட்ட வந்து அழுதான். போய்ச் சொல்லுடான்னு அனுப்பினதே நான்தான். இவர் கையால ஒருத்தன் சாகறதுக்கு முன்னாடி சொல்லுன்னேன். இப்ப எங்கிட்டயும் தீர்த்துக்கோங்க."

இத்தனை நாள் அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆத்திரம் காட்ட ஆளில்லாமல் நின்றது. மேலாளரிடம் போய் உண்மையைச் சொல்லத் தோன்றியதா? தோன்றியது. போகவில்லை. அவளை மன்னித்தாரா என்றால் அதுவும் இல்லை.

அடுத்த ஊசிக்குத் துணைக்கு வா என்று அவர் அவளைக் கேட்கவில்லை, அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. கட்டுப் போட்ட கண்ணோடு சுவரைத் தடவித் தடவித் தனியாகவே வீடு வந்து சேர்ந்தார். கட்டைப் பிரித்ததும் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மேல பாருங்க."

பார்த்தார். சொட்டு விழுந்தது.