வாயை மூடச் சொன்ன பிறகு வந்த வரி

வீட்டில் நானும் என் கணவரும் மட்டுந்தான்.

களுவாஞ்சிக்குடிக் கோயில் பதிகங்களைக் கணினியில் தட்டி, யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளில் சேமித்து இணையத்துக்கு அனுப்புவேன். எல்லாம் வன்னியில் காணாமல்போன தம்பி அமைத்துத் தந்தது. கணினியும் அவன் பெயரில்தான். அதனால் சேமிக்கும்போதெல்லாம் திரை அவன் பெயரைச் சொல்லும்.

“ஒவ்வொருக்காலும் பாத்து அழுறாய். அதின்ர வாயப் பொத்து கா,” என்றார் இவர்.

இன்று கட்டளைகளோடு, பிழையைத் தவிர எதையும் சொல்லாதே என்னும் ‘மைனஸ் க்யூ’ சேர்த்தேன். சேமித்தேன், பெயர் வரவில்லை. அனுப்பினேன், பிழைச்செய்தி மட்டும் வந்தது. உன்னிடம் இல்லாத, வேறெங்கிருந்தோ எழுதிய மாற்றம் அங்கே இருக்கிறதாம்.

அங்கே எழுதுவதற்கான கடவுச்சொல் எனக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரியும்.

“பிள்ளையார் எழுதினவரோ?” என்ற இவருக்குச் சிரிப்பு வரவில்லை. “இறக்கிப் பாரன்.”

இறக்கினால் எழுதியவர் பெயர் தெரிந்துவிடும். கை போகவில்லை.

வேறு யாரும் எழுதியிருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தம்பி, நீயென்றாலும்.